காலிக்கைமீரா பெர்ப்ளெக்ஸா: நண்டிலக்கணத்துக்கு ஒரு புறனடை

1. வரையறை

நண்டு என்னும்போது இரண்டு வரையறைகளை நாம் கலந்துவிடுகிறோம். முதலாவது வடிவம் பற்றியது: அகன்று தட்டையான மேலோடு, அடியில் மடங்கிய வால், குழிக்குள் ஒடுங்கும் சிறு கண்கள். இரண்டாவது மரபுவழி பற்றியது: குறுவாலிகள் என்னும் குலத்தில் தோன்றியதே மெய்நண்டு. துறவி நண்டுகளின் உறவினமான அரச நண்டு முதலாவதில் அடங்கும், இரண்டாவதில் அடங்காது. வேற்றுக் குலத்தவை இவ்வாறு நண்டு வடிவை எய்துவதை ‘நண்டாதல்’ என்போம். மெய்நண்டு தன் வடிவை இழப்பதை ‘நண்டுரு நீங்கல்’ என்போம். நாம் ஆராய்வது பின்னதை.

2. சான்று

கொலம்பியாவின் போயகா மாநிலத்தில், பெஸ்கா அருகே, ஆண்டிஸ் மலைப் பாறைகளில், நண்டுரு நீங்கலுக்குச் சான்றான காலிக்கைமீரா பெர்ப்ளெக்ஸா என்னும் நண்டின் புதைபடிவத்தை ஆய்வாளர் ஹாவியேர் லூக்கே 2005-இல் கண்டெடுத்தார். அதன் வயது 9 முதல் 9.5 கோடி ஆண்டுகள். 2019-இல் அவர் குழுவினர் இதற்கு இப்பெயரை இட்டனர். ‘குழப்பும் அழகிய கைமீரா’ என்பது பொருள். கைமீரா கிரேக்கரின் கலப்புரு விலங்கு. நம் கோயில் தூண்களின் யாளிக்கு ஒருவகையில் இனம்.

3. உறுப்பியல்

நாணய அளவே உள்ள உடல் நூற்கதிர்போல் இரு முனையும் குறுகியது. வால் முழுதாக மடங்காமல் வெளித்தெரிகிறது. இன்றைய நீலக்கால் நண்டுக்குக் கடைசி இணைக் கால்களே துடுப்பு; இதற்கோ முன் நடைக்கால்கள் துடுப்பாகப் பரந்துள்ளன.

கண்களைச் சற்று நின்று நோக்க வேண்டும். உடல் நீளத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு கண்ணே. அதன் பரப்பில் அறுகோணச் சிறுமுகப்புகள் தேன்கூட்டு அறைகள்போல் நெருங்கி அமைந்திருப்பது கல்லிலும் தெரிகிறது. ஒடுங்கிக்கொள்ளக் கண்குழி இல்லை.

4. காரணம்

நண்டின் இறுதி இளம்பருவம் மெகலோபா. அச்சொல்லுக்கே பெருங்கண் என்பது பொருள். அது நீந்தும், அதன் வாலும் வெளித்தெரியும். அவ்விளமைக் கூறுகள் காலிக்கைமீராவில் முதிர்ச்சியிலும் நீடித்தன என்பது ஆய்வாளர் விளக்கம். இதனை ‘இளமைத் தங்கல்’ எனலாம். கண்ணுக்கும் வாலுக்கும் இது பொருந்தும். துடுப்புக்குப் பொருந்தாது என்பது நம் கருத்து. மெகலோபா நீந்துவது வாலடிச் சிற்றுறுப்புகளால், கால்களால் அன்று. எனவே துடுப்பு இளமையின் எச்சம் அன்று, புதிதாய் ஈட்டியது.

வாழ்முறையையும் கண்ணே காட்டிக்கொடுக்கிறது. மணலில் புதைந்து வாழும் உயிருக்கு மூடவியலாத பெருங்கண் இடர். பார்த்துத் துரத்தி இரைபிடிப்பதற்கு அதுவே கருவி.