கொங்கு நாட்டில் தோல் புற்றுநோய்

தோலின் உயிரணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதால் உண்டாவது தோல் புற்றுநோய். அடித்தள உயிரணுப் புற்று, செதிள் உயிரணுப் புற்று, நிறமி உயிரணுக்களில் தோன்றும் மெலனோமா ஆகிய மூன்றும் இதன் முக்கிய வகைகள். முதல் வகை மெதுவாக வளரும், பெரும்பாலும் வேறு உறுப்புக்குப் பரவாது. எண்ணிக்கையில் குறைந்த மெலனோமாவே உயிருக்கு மிகவும் ஆபத்தானது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் மெலனோமா மிக அதிகம். இந்தியர்களின் தோலிலுள்ள மெலனின் புற ஊதாக் கதிர்களைப் பெருமளவு தடுப்பதால் இங்கு இந்நோய் அரிது. அரிதென்பதாலேயே கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளில் நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் புற்று என்ற சந்தேகமே எளிதில் எழுவதில்லை.

கருந்தோலினரிடம் மெலனோமா அதிகம் காணப்படும் இடங்கள் வெயில் படாதவை: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லி 1981ஆம் ஆண்டு 36 வயதில் இறந்ததற்குக் காரணம், அவருடைய கால்விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாதான். காட்டு வேலைக்குப் போகிறவரின் உள்ளங்காலில் தோன்றும் கரும்படையைக் காலாணி, ரத்தக்கட்டு, முள் தைத்த வடு என்று எண்ணிவிடுவது எளிது. நகத்தில் விழுந்த கருங்கோடு நாளாக ஆக அகலமாவதும், அந்தக் கருமை நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்குப் பரவுவதும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகள்.

இந்தியாவில் செதிள் உயிரணுப் புற்று பழைய புண்ணிலும் தழும்பிலும் தோன்றுவதுண்டு. தீக்காயத் தழும்பில் வரும் இத்தகைய புற்றுக்குப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் மார்ஜோலின் பெயர் வழங்குகிறது. காயம் பட்டு 20, 30 ஆண்டுகள் கழித்தும் இது வரலாம். கோவையின் வார்ப்பட ஆலைகளிலும், கவுந்தப்பாடிப் பக்கம் கரும்புப்பாகு காய்ச்சும் கொட்டகைகளிலும் வேலை செய்வோருக்குச் சூட்டுக்காயம் தொழிலோடு வருவது; ஆகவே பழைய தழும்பைப் பற்றிய எச்சரிக்கை இந்த மண்ணுக்கு மிகவும் வேண்டியது. தொழுநோயால் உணர்விழந்த பாதத்தின் நாள்பட்ட புண், நரம்புச் சுருட்டலால் காலில் வரும் புண் ஆகியவையும் சில சமயம் புற்றாக மாறும். வேட்டியை இறுக்கிக் கட்டும் இடுப்பு வரியில் வரும் புற்று 1945இலேயே இந்திய மருத்துவர்களால் பதிவு செய்யப்பட்டது. பின்னாளில் பாவாடை நாடா அழுத்தும் இடத்திலும் இதே புற்று காணப்பட்டது.

தோல் மருத்துவரின் தேர்ச்சி, பார்வையிலும் தொடுகையிலும் தொடங்குகிறது. மச்சத்தின் ஒரு பாதி மறுபாதியோடு ஒத்திருக்கிறதா, விளிம்பு சிதைந்திருக்கிறதா, பல நிறங்கள் கலந்திருக்கின்றனவா, அளவு மாறுகிறதா என்று அவர் பார்க்கிறார். டெர்மாஸ்கோப் என்னும் கையடக்கக் கருவி தோலைச் சுமார் 10 மடங்கு பெரிதாக்கி, வெறுங்கண்ணுக்குத் தெரியாத நிறமி வரிகளைக் காட்டுகிறது. முடிவைச் சொல்வது, சிறு தோல் துண்டை வெட்டியெடுத்துச் சோதிக்கும் பயாப்சி. ‘கத்தி பட்டால் புற்று பரவிவிடும்’ என்ற அச்சத்தால் பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள்; அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை, தாமதத்தால் வரும் கேடோ உறுதியானது. மெலனோமா எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை நோய்க்குறியியல் மருத்துவர் அளக்கிறார். 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ வகுத்த அளவு இது. ஆழம் 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சுற்றிலும் 1 சென்டிமீட்டர் தோலோடு வெட்டியெடுப்பதே பெரும்பாலோருக்குப் போதும். ஆழம் கூடக்கூட நெறிக்கட்டிகளையும் சோதிக்க வேண்டிவரும். வெட்டிய இடத்தை மூட ஒட்டறுவை மருத்துவரின் துணையும் சில நேரம் வேண்டும்.

எல்லாரும் ஆண்டுதோறும் தோல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா என்பதில் மருத்துவ உலகம் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. அறிகுறி இல்லாதவர்களுக்கு அதைப் பரிந்துரைக்கவோ மறுக்கவோ போதிய சான்று இல்லை என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2023இல் கூறியது. இங்கே பயன் தருவது, ஆபத்து மிகுந்தவர்களைத் தவறாமல் பார்ப்பதுதான். பெரிய தீக்காயத் தழும்பு உள்ளவர்கள், ஆறாத புண் உள்ளவர்கள், சிறுநீரக மாற்று செய்துகொண்டு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்பவர்கள், பிறவியிலேயே தோலில் நிறமி இல்லாதவர்கள் ஆகியோர் இதில் அடங்குவர். வெயில் பட்டாலே தோல் கெடும் சீரோடெர்மா பிக்மென்டோசம் என்னும் பரம்பரை நோயுள்ள குழந்தைகளுக்குச் சிறுவயதிலேயே புற்று வரும். நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இந்நோய்க்கு வாய்ப்பு கூடுதல்.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. வருகிற பணியாளர் உள்ளங்காலையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் செல்வது நல்ல பயன் தரும். கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் சிகிச்சைப் பிரிவு உள்ளது. ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண்ணையும், உருமாறும் மச்சத்தையும், பாதத்தில் புதிதாகத் தோன்றிய கரும்படையையும் மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசிக் காத்திராமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.