குப்பிக்குள் மாறும் நீர்

கடல்நீரில் ஓர் உலோகம் எவ்வளவு உள்ளது என்ற கேள்விக்கு நெடுங்காலம் கிடைத்த விடை கடலைப் பற்றியதன்று. நீரை அள்ளிய குப்பியைப் பற்றியது. இதை உணர்த்தியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கப் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன். 1956இல் புவியின் வயதை ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என வெளியிட்ட அவர், அவ்வாய்வினூடே ஆய்வகத் தூசியிலிருந்தும் வேதிப்பொருள்களிலிருந்தும் ஈயம் மாதிரிகளில் கலப்பதைக் கண்டார். தூய மாதிரியெடுப்பு முறைகள் 1970களில் நிலைபெற்றபோது, ஆழ்கடல் நீரில் பல உலோகங்களுக்கு அதுவரை அச்சான அளவுகள் 10 முதல் 1000 மடங்கு வரை மிகையானவை எனத் தெரிந்தது.

கழிமுகத்தில் சிக்கல் இன்னும் கடினமானது. ஓதம் ஏறி இறங்குவதற்குள் உப்பின் அளவு மாறுகிறது. வண்டலில் ஒட்டிய உலோகத்தில் ஒரு பகுதி நீரில் கரைகிறது. அள்ளிய நீரிலோ, கரைந்த உலோகம் குப்பியின் சுவரில் படிகிறது. அதைத் தடுக்க அமிலம் சேர்த்தால், கரிமப் பொருள்களோடு பிணைந்திருந்த அயனிகள் விடுபடுகின்றன. தாமிரத்தில் நுண்ணுயிர்களுக்கு நஞ்சாவது பெரும்பாலும் பிணையாத அயனியே. மொத்த அளவு அதைக் காட்டாது.

நீர் இருக்கும் இடத்திலேயே அளக்கும் வழி பிராகாவில் தொடங்கிற்று. 1922இல் யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி, சொட்டும் பாதரச மின்முனையைக் கொண்டு போலரோகிராபி முறையைக் கண்டார். 1959இல் நோபல் பரிசு பெற்றார். அதன் வழித்தோன்றலான முறையில், உலோக அயனிகள் முதலில் மின்முனையில் திரட்டப்படுகின்றன. மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றும்போது ஒவ்வோர் உலோகமும் தனக்குரிய அழுத்தத்தில் நீங்குகிறது. அப்போது எழும் மின்னோட்டத்தின் முகடு அதன் அளவைத் தருகிறது. கடல்நீரே மின்கடத்தியாதலால் கருவியை நேரே நீரில் இறக்கலாம். 1990களில் ஜெனீவாவில் பஃப்ல், டெர்சியர்-வேபர் ஆகியோரின் குழு, நுண்மின்முனைகளின் மேல் கூழ்ப் படலம் அமைத்து, துகள்கள் அவற்றில் ஒட்டாமல் தடுத்தது. பாதரசமும் நஞ்சே என்பதால் 2000இல் பிஸ்மத் படல மின்முனை அறிமுகமாயிற்று.

இந்தியாவில் கடலோர மாசுக் கண்காணிப்புத் திட்டம் 1991இல் தொடங்கியது. அத்தகைய தொடர் பதிவுகள் ஆண்டுகளின் போக்கைக் காட்டுகின்றன. அதில் அவற்றின் மதிப்பு பெரிது. ஆனால், கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூரில் மீனவர் கேட்பது வேறு: அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த வண்டலின் மேல் ஓதம் புரளும் இந்த வேளையில், நண்டும் இறாலும் வாழும் நீரில் என்ன கரைகிறது? மறுநாள் ஆய்வகத்தில் திறக்கப்படும் குப்பி அந்த வேளைக்குச் சான்றாகாது. சான்று வேண்டுமெனில் கருவிதான் நீருக்குள் இறங்க வேண்டும்.