இருந்த இடத்திலேயே வீடு: சென்னை கைவிட்ட ஒரு கொள்கையின் வரலாறு

சென்னையில் குடிசைப்பகுதிகளுக்கும் அவற்றை நெருக்கி எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் இடையே நிலவும் பூசல் அக்கம்பக்கத்தாரின் மனப்பான்மை சார்ந்த சிக்கலாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆனால் அந்தப் பூசலின் வேர், நகர நிலத்தில் ஏழைகளுக்கு இடம் உண்டா என்ற கேள்விக்கு அரசு வெவ்வேறு காலங்களில் அளித்த முரண்பட்ட விடைகளில் இருக்கிறது. துறைமுகச் சுமைதூக்குவோரும், கட்டுமானக் கூலிகளும், வீட்டு வேலை செய்யும் பெண்களும் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளில் குடியேறியதற்குக் காரணம், வேலைத்தலத்துக்கு அருகே அவர்களுக்கு எட்டிய நிலம் புறம்போக்கு, அதாவது வருவாய்க் கணக்கில் தனியார் பட்டாவின்றிப் பொதுப் பயனுக்கென ஒதுக்கப்பட்ட நிலம், மட்டுமே என்பதுதான். மெரினாவை ஒட்டிய மீனவர் குப்பங்களுக்கோ கடற்கரையே தொழிற்களம்.

கோடைதோறும் தீக்கு இரையாகிவந்த ஓலைக்குடிசைகளின் துயரம் 1967 இல் ஆட்சிக்கு வந்த திராவிட முன்னேற்றக் கழகத்துக்கு நேரடியாகத் தெரிந்த ஒன்று. அக்கட்சியின் நகர்ப்புற ஆதரவாளர்களில் பெரும்பகுதியினர் அத்தகைய பகுதிகளில்தான் வாழ்ந்தனர். 1970 இல் மு. கருணாநிதி தலைமையிலான அரசு தமிழ்நாடு குடிசை மாற்று வாரியத்தை அமைத்து, நகரின் குடிசைகள் அனைத்தையும் ஏழாண்டுகளில் மாற்றியமைப்பதை இலக்காக அறிவித்தது. குடிசைகள் இருந்த இடத்திலேயே, அல்லது அதற்கு மிக அருகில், சில மாடிகள் கொண்ட கல்கட்டடங்களை எழுப்பி அதே குடும்பங்களைக் குடியமர்த்துவதே வாரியத்தின் தொடக்ககால முறையாக இருந்தது. மக்கள் வழக்கில் 'ஸ்லம் போர்டு வீடு' என வழங்கும் இந்தக் குடியிருப்புகள் நொச்சிக்குப்பம் போன்ற கடற்கரைப் பகுதிகளிலும் நகரின் உட்பகுதிகளிலும் எழுந்தன. சிறிய அறைகளும் போதாத பராமரிப்பும் அவற்றின் குறைகளாக இருந்தபோதிலும், பள்ளி, வேலை, கோயில், கடன் கொடுக்கும் மளிகைக்கடை ஆகிய எதையும் இழக்காமல் ஒரு குடும்பம் கல்வீட்டுக்கு மாறியது அந்த முறையின் பெரும் சாதனையாகும்.

வாரியத்துக்கு வலுவூட்டியது 1971 ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிசைப்பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றல்) சட்டம். அதன் 3 ஆம் பிரிவின்படி அரசு ஒரு பகுதியைக் குடிசைப்பகுதியென அறிவிக்கலாம்; அவ்வாறு அறிவிக்கப்பட்டபின், உரிய அதிகாரியின் அனுமதியின்றி அங்கு வாழ்வோரை வெளியேற்ற முடியாதெனப் பிற்பகுதி விதி ஒன்று தடுக்கிறது. ஆகவே அறிவிப்பு என்பது குடிநீர், கழிப்பிடம் முதலியவற்றுக்கான வழியாக மட்டுமன்றி, வெளியேற்றத்துக்கு எதிரான காப்பாகவும் அமைந்தது. சென்னையில் 1971 இல் 1,202 பகுதிகள் இவ்வாறு அறிவிக்கப்பட்டன. 1985 இல் மேலும் 17 சேர்க்கப்பட்டன. அதன்பின் நகரில் ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை. அரைநூற்றாண்டு நகர வரலாற்றைத் தீர்மானித்தவற்றுள், எவர் கண்ணிலும் படாமல் நிகழ்ந்த இந்த நிறுத்தத்துக்கு முதலிடம் தரவேண்டும். பின்னர் குடியேறியோர் சட்டத்தின் பார்வையில் குடிசைவாசிகளாக அன்றி, 'ஆட்சேபகரமான புறம்போக்கு' என்று ஆவணங்கள் குறிக்கும் நீர்நிலைக் கரைகளின் ஆக்கிரமிப்பாளர்களாகவே எஞ்சினர்.

இடையில் 1977 முதல் உலக வங்கியின் கடனுதவியுடன் நடந்த சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் வேறொரு வழியைக் காட்டியது. கட்டடங்களுக்குப் பெருஞ்செலவு செய்வதற்கு மாறாக, குடிசைப்பகுதிகளில் அடிப்படை வசதிகளைச் செய்து மனை உரிமைப் பத்திரம் வழங்குவதும், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் சாலை, குடிநீர், வடிகால் அமைத்த சிறு மனைகளைப் பல வருவாய்ப் பிரிவினருக்கும் கலந்து விற்பதும் அதன் வழிமுறைகள். ஏழையும் நடுத்தர வருவாயினரும் ஒரே தெருவில் வாழ இயலும் என்பதற்கு அந்த மனைப்பிரிவுகள் இன்றும் சான்றாக நிற்கின்றன.

1985 இல் உச்ச நீதிமன்றம், மும்பை நடைபாதைவாசிகள் தொடர்பான புகழ்பெற்ற ஓல்கா டெல்லிஸ் வழக்கை ஒட்டி, சென்னைக் குடிசைவாசிகளுக்காக, பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியான வழக்குரைஞர் கே. சந்துரு தொடுத்த வழக்கிலும் தீர்ப்பளித்தது. மாற்றிடம் வழங்கும் தமிழக அரசின் கொள்கையை அது பாராட்டிப் பதிவுசெய்தது. அதே ஆண்டின் இறுதியில் மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் மணற்பரப்பிலிருந்து அகற்ற அரசு முனைந்தபோது மீனவர்கள் எதிர்த்தனர். காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் பறிபோயின. நகரின் அழகும் உழைப்போரின் வாழ்விடமும் எதிரெதிராக நிறுத்தப்பட்டதற்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு சென்னையின் அண்மைக்கால வரலாற்றில் அரிது.

1990களுக்குப் பின் நிலத்தின் விலை எல்லாவற்றையும் மாற்றியது. பக்கிங்காம் கால்வாயின் தடத்தில் பறக்கும் ரயில் பாதை நீண்டது. தரமணியில் 2000 இல் டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. நீர்க்கரைகளை மீட்கும் திட்டங்கள் பெருகின. வெளியேற்றப்பட்டோருக்கென ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகரும், சுனாமிக்குப்பின் செம்மஞ்சேரியும், அதையடுத்துப் பெரும்பாக்கமும் பல்லாயிரம் வீடுகளுடன் எழுந்தன. இருந்த இடத்தில் வீடு என்ற கொள்கை, நகரின் எல்லைக்கு அப்பால் வீடு என்பதாக மாறியது. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் நடந்தே வேலைக்குச் சென்ற பெண்கள் பேருந்துக் கட்டணத்துக்கும் பயண நேரத்துக்கும் ஈடுகொடுக்க இயலாமல் வேலை இழந்தனர். பிள்ளைகளின் படிப்பு நடுவில் அறுந்தது. கண்ணகி நகர் என்ற முகவரியே வேலை தேடும் இளைஞருக்குத் தடையானது. வீடு பெற்றவர்கள் அதை விற்றுவிட்டுக் கால்வாய்க் கரைக்கே திரும்புகின்றனர் என்ற குற்றச்சாட்டு அடிக்கடி எழுகிறது. அது நன்றிகெட்ட செயலன்று, பிழைப்பு இருக்கும் இடத்தைத் தேடிச் செல்லும் கட்டாயமே என்பதைக் குற்றம் சாட்டுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

2015 ஆம் ஆண்டின் பெருவெள்ளம் கரையோரக் குடிசைகளை அகற்றுவதற்குப் புதிய நியாயத்தைத் தந்தது. நீர்வழியை அடைத்தவர்கள் என்ற பழி குடிசைவாசிகள்மீது விழுந்தது. பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை விழுங்கிய பெருங்கட்டடங்கள் அதே அளவுகோலால் அளக்கப்படவில்லை. 2022 மே மாதத்தில் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், தனியார் ஒருவர் தொடுத்த வழக்கின் விளைவாக நீதிமன்ற ஆணைப்படி வீடுகள் இடிக்கப்பட்டபோது, அங்கு வாழ்ந்த முதியவர் ஒருவர் தீக்குளித்து மாண்டார். அதன்பின்னரே, மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளிலேயே மாற்று வீடு வழங்கப்படும் என்று சட்டமன்றத்தில் அரசு உறுதியளித்தது. அருகிலேயே வீடு தர இயலும் என்பதை ஓர் உயிர் போனபின் ஒப்புக்கொண்ட அரசு, அதை முன்னரே செய்திருக்க இயலும்.

குடிசை மாற்று வாரியத்தின் பெயர் 2021 இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றப்பட்டது. 1971 ஆம் ஆண்டின் சட்டமோ இன்றும் நடைமுறையில் உள்ளது; அதன் 3 ஆம் பிரிவின்கீழ் புதிய பகுதிகளை அறிவிக்க அரசுக்கு வேறு சட்டம் எதுவும் தேவையில்லை. அந்த அறிவிப்புகளை அரசு மீண்டும் தொடங்க வேண்டும்.