டெபியன் பொதிகளும் மெதுவான ஸ்கிரிப்டுகளும்

டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை இயன் மர்டாக் 1993 ஆகஸ்டில் அறிவித்தார். அதில் மென்பொருள் பொதிகளை நிறுவவும் நீக்கவும் பயன்படும் அடிப்படைக் கருவி டிபிகேஜி. 1994 ஜனவரியில் மர்டாக் எழுதிய அதன் முதல் வடிவம் வெறும் ஷெல் ஸ்கிரிப்ட்தான். பிறகு மேட் வெல்ஷ், கார்ல் ஸ்ட்ரீட்டர், மர்டாக் மூவரும் அதைப் பெர்ல் மொழிக்கு மாற்றினார்கள். அதே ஆண்டில் இயன் ஜாக்சன் முதன்மைப் பகுதியை சி மொழியில் மீண்டும் எழுதினார். ஓர் ஆண்டுக்குள் மூன்று மொழிகள். ஆனாலும் சி மொழிக்குப் போனது நடுப்பகுதி மட்டுமே. அதைச் சுற்றியிருந்த துணைக் கருவிகளில் பல இன்னும் பதினைந்து ஆண்டுகள் பெர்லிலேயே இருந்தன.

டெபியன் பொதி ஒவ்வொன்றும் கோப்புகளோடு நான்கு ஸ்கிரிப்டுகள் வரை கொண்டுவரலாம்: நிறுவும் முன் ஒன்று, நிறுவிய பின் ஒன்று, நீக்கும் முன் ஒன்று, நீக்கிய பின் ஒன்று. பயனர் கணக்கு உருவாக்குவது, சேவையைத் தொடங்குவது, பழைய அமைப்புக் கோப்பைப் புதிய வடிவுக்கு மாற்றுவது எல்லாம் இவற்றின் வேலை. இவற்றில் கணக்குப் போடும் வேலை மிகக் குறைவு. நேரம் பெரும்பாலும் நிரல்களைத் தொடங்குவதிலேயே கழிகிறது. ஸ்கிரிப்டில் ஒரு வரியில் உரையைத் தேடும் கிரெப், அடுத்த வரியில் உரையை மாற்றும் செட் என்று எழுதினால், ஒவ்வொன்றுக்கும் இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஒரு புதிய செயல்முறையை உருவாக்கி, நிரலை நினைவகத்தில் ஏற்றி, முடிந்ததும் கலைக்க வேண்டும். பயனரிடம் கேள்வி கேட்கும் டெப்கான்ஃப் பெர்லில் எழுதப்பட்டது. அதைப் பயன்படுத்தும் ஸ்கிரிப்ட் ஓடும் ஒவ்வொரு முறையும் பெர்ல் ஒரு முறை எழுந்து உட்கார வேண்டியிருந்தது.

இந்தத் தாமதத்தைக் குறைக்க முதலில் கைவைக்கப்பட்டது, ஸ்கிரிப்டுகளைப் படித்து இயக்கும் ஷெல் என்ற நிரலில். அதுவரை ஸ்கிரிப்டுகளை ஓட்டிய பேஷ் என்ற ஷெல் வசதிகள் நிறைந்தது, கனமானது. அளவில் பெரியது, வேகத்தில் குறைந்தது என்று அதன் கையேடே குறைபாடுகள் பகுதியில் ஒப்புக்கொள்கிறது. மாற்றாகக் கிடைத்த டாஷ் பழைய வம்சம். கென்னத் ஆம்க்விஸ்ட் 1989இல் வெளியிட்ட ஆஷ் என்ற சிறு ஷெல்லை ஹெர்பர்ட் ஷூ 1997இல் லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். 2002இல் அது டாஷ் ஆனது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு, 2006 அக்டோபரில் வெளியிட்ட 6.10 பதிப்பில் ஸ்கிரிப்டுகளை ஓட்டும் இயல்பான ஷெல்லாக டாஷை வைத்தது. கணினி விரைவாகத் தொடங்க வேண்டும் என்பதே முக்கிய நோக்கம் என்றாலும், பொதி ஸ்கிரிப்டுகளும் அதே வேகத்தைப் பெற்றன. கூடவே ஒரு தலைவலியும் வந்தது. இரட்டைச் சதுர அடைப்புக்குறி, வரிசைப் பட்டியல் போன்ற பேஷுக்கே உரிய வசதிகளைப் பொது ஷெல்லுக்கான ஸ்கிரிப்டில் எழுதி வைத்திருந்தவர்கள் ஏராளம். அவற்றை விலக்க வேண்டும் என்று டெபியன் விதிகள் முன்பே சொல்லியிருந்தன. பேஷ் சகித்துக்கொண்டதால் யாருக்கும் தெரியவில்லை. அவற்றைத் தேடிப் பிடிக்கத் தனிக் கருவியே தேவைப்பட்டது. டெபியன் நிதானமாக 2011இல் வந்த ஸ்குவீஸ் பதிப்பில்தான் டாஷுக்கு மாறியது.

வேகமான ஷெல் கிடைத்தாலும், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதை அது தடுக்காது. நூறு பொதிகளை மேம்படுத்தும்போது அவற்றில் நாற்பது நிரல் நூலகங்கள் என்றால், நூலகங்களின் இருப்பிடப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் நாற்பது முறை ஓடும். நாற்பதாவது முறை ஓடியதே போதும். முந்தைய முப்பத்தொன்பதும் வீண். விருந்தாளி ஒவ்வொருவர் வரும்போதும் புதிதாக உலை வைப்பது போன்ற வேலை இது. கணினி தொடங்கும்போது தேவைப்படும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை உருவாக்குவது இன்னும் மோசம். ஒரே மேம்படுத்தலில் அது பல முறை புதிதாகக் கட்டப்பட்டது.

இதற்கு விடையாக, 2007இல் இயன் ஜாக்சன் உபுண்டுவுக்காக டிரிகர் என்னும் ஏற்பாட்டை டிபிகேஜியில் சேர்த்தார்; 2008இல் டெபியனும் அதை ஏற்றது. ஒரு பொதி குறிப்பிட்ட கோப்புறையில் தனக்கு அக்கறை உண்டு என்று முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளும். கையேட்டுப் பக்கங்களைப் பட்டியலிடும் மேன்-டிபி தன் கோப்புறையைப் பதிந்துகொண்டால், வேறு பொதிகள் அங்கே கோப்புகளை வைக்கும்போது அதன் பெயரில் நிலுவை மட்டும் குறிக்கப்படும். எல்லாம் முடிந்தபின் அதன் ஸ்கிரிப்ட் ஒரே முறை ஓடும். உபுண்டு இன்னொரு சாமர்த்தியமும் செய்தது. எல்டிகான்ஃபிக் என்ற பெயரில் ஒரு சிறு உறை ஸ்கிரிப்டை வைத்தது. பொதி ஸ்கிரிப்டுக்குள்ளிருந்து அழைத்தால் அது வேலையைத் தள்ளிப்போடும். வேறெங்கிருந்து அழைத்தாலும் உண்மையான நிரலை ஓட்டும். நூலகப் பொதி ஒன்றைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை. இந்த வரலாற்றில் மிகக் குறைந்த உழைப்பில் மிக அதிகப் பலன் தந்தது இதுதான்.

டிரிகருக்கும் விலை இருந்தது. நிலுவை தீரும்வரை தூண்டிய பொதியும் முழுமையாக நிறுவப்படாத நிலையில் காத்திருக்கும். ஒன்றுக்கொன்று காத்திருக்கும் பொதிகள் சுழலில் சிக்கிக்கொண்டதும் உண்டு. காத்திருக்கத் தேவையில்லாத டிரிகர் வகை பின்னர் சேர்க்கப்பட்டது.

ஆர்பிஎம் பொதிகளைப் பயன்படுத்தும் ஃபெடோராவும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது, பத்தாண்டு தாமதமாக. ஆர்பிஎம் 4.13இல் வந்த கோப்பு டிரிகர்களை நம்பி, 2018இல் வெளியான ஃபெடோரா 28 பொதிகளிலிருந்து எல்டிகான்ஃபிக் வரிகளை நீக்கத் தொடங்கியது.

இதற்கிடையே டெபியனில், ஒரே வேலைக்கான மாற்று நிரல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அப்டேட்-ஆல்டர்னேடிவ்ஸ் முதலான துணைக் கருவிகள் 2010ஐ ஒட்டிய பதிப்புகளில் பெர்லிலிருந்து சி மொழிக்குப் போயின. வேகம் மட்டும் அதற்குக் காரணமல்ல. பெர்லை வைக்க இடமில்லாத சிறு சாதனங்களிலும் டெபியன் ஓட வேண்டியிருந்தது.

எல்லா மாற்றமும் வேகத்தின் பக்கம் போகவில்லை. எக்ஸ்ட்4 கோப்பு முறைமை தரவை வட்டில் எழுதுவதைத் தள்ளிப்போடும். பொதி நிறுவும் நடுவில் மின்சாரம் போனால், பெயர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றுமில்லாத கோப்புகள் மிஞ்சின. அதைத் தடுக்க 2010இல் டிபிகேஜி, தற்காலிகப் பெயரில் எழுதிய ஒவ்வொரு கோப்பையும் எஃப்சிங்க் அழைப்பு மூலம் வட்டில் உறுதிப்படுத்தியபின்பே உரிய பெயருக்கு மாற்றத் தொடங்கியது. நிறுவும் நேரம் கண்கூடாகக் கூடியது, புகார்கள் குவிந்தன. உறுதிப்படுத்தலைக் கடைசிவரை ஒத்திவைத்து மொத்தமாகச் செய்வது ஒரு தீர்வாக அமைந்தது. அதுவும் போதாதவர்களுக்காக, பாதுகாப்பற்றது என்று பெயரிலேயே எச்சரிக்கும் ஒரு விருப்பத்தெரிவு சேர்க்கப்பட்டது. பாதியில் கெட்டால் தூக்கியெறிந்துவிட்டு மறுபடி உருவாக்கக்கூடிய இடங்களுக்கு அது பொருந்தும். அத்தகைய கொள்கலன்களை உருவாக்கப் பயன்படும் டெபியனின் டாக்கர் படிமங்களில் அது இயல்பாகவே இயக்கப்பட்டிருக்கிறது. சாதாரணக் கணினியில் டிபிகேஜி இன்றும் மெதுவான, பத்திரமான வழியிலேயே எழுதுகிறது.