குடும்ப வன்முறைப் புள்ளிவிவரங்களும் மாநில எல்லையும்: ஓசூர் – கிருஷ்ணகிரித் தொழிற்பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

குடும்ப வன்முறை பற்றிய பொதுவிவாதத்தில் மாதிரி ஆய்வின் விழுக்காடும், காவல் நிலையப் பதிவெண்ணும், நீதிமன்றத் தண்டனை விகிதமும் ஒரே பொருளின் அளவுகளைப் போல எடுத்தாளப்படுகின்றன. அவை வெவ்வேறு அலகுகளை எண்ணிப் பெறப்பட்டவை என்பதைக் கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர் – கிருஷ்ணகிரிப் பகுதியின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குடும்ப வன்முறை, புள்ளிவிவரம், 498-ஏ, தேசியக் குடும்பநல ஆய்வு, ஓசூர், எல்லைப்பகுதி

1. எல்லையின் இருபுறம்

ஓசூரை அடுத்த ஜூஜூவாடிக்கும் கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவே உள்ளது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானது முதல் வேலையும், அதற்கு முன்பிருந்தே மண உறவும் இக்கோட்டைக் கடந்து நிகழ்ந்து வருகின்றன. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மும்மொழியும் ஒரே தெருவில் புழங்கும் பகுதி இது. எனினும் தேசியக் குடும்பநல ஆய்வின் அட்டவணையில் இவ்விருபுறமும் வெவ்வேறு உலகங்களாகக் காட்சியளிக்கின்றன. மூன்றாம் ஆய்வில் (2005-06) கணவனின் உடல்சார் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகக் கூறிய மணமான பெண்கள் தமிழ்நாட்டில் 41.9 விழுக்காட்டினர், கர்நாடகத்தில் 20 விழுக்காட்டினர். ஐந்தாம் ஆய்வில் (2019-21) தமிழ்நாடு 38.1 ஆகவும் கர்நாடகம் 44.4 ஆகவும் நிலை மாறிற்று. நான்காம் ஆய்வில் (2015-16) கர்நாடகத்தின் எண் 20.6 மட்டுமே.

ஒரு சுற்றில் இருமடங்குக்கு மேல் உயர்ந்த இவ்வெண்ணைக் கொரோனா ஊரடங்கோடு இணைத்துப் பேசுவது எளிது. ஆனால் கர்நாடகத்தின் களப்பணி 2019 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. தமிழ்நாட்டின் களப்பணியோ 2020 ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு பகுதியாகவும், 2020 டிசம்பர் முதல் 2021 மார்ச் வரை மறுபகுதியாகவும் நடந்தது. ஊரடங்கே காரணமெனின் உயர்ந்திருக்க வேண்டியது தமிழ்நாட்டின் எண், அதுவோ குறைந்தது. கர்நாடகக் குடும்பங்கள் நான்கே ஆண்டுகளில் இருமடங்கு கொடியனவாயின என்பதைவிட, அந்நியர் ஒருவரிடம் அடிபட்டதை ஒப்புக்கொள்ளும் சூழல் மாறியது என்பது கூடுதலாக நம்பத்தக்கது. கேட்பவரின் பயிற்சி, கேட்கும் இடத்தின் தனிமை, பதில் சொல்பவரின் துணிவு ஆகிய மூன்றும் இவ்வெண்ணுள் கலந்துள்ளன. அட்டவணையை மட்டும் கொண்டு அவற்றைப் பிரித்தறிய இயலாது.

இதனினும் அடிப்படையான ஒன்று உண்டு. 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இவ்வாய்வில் குடும்ப வன்முறை எண்ணே கிடையாது. வன்முறை பற்றிய வினாக்கள் தேர்ந்தெடுத்த சில இல்லங்களில், இல்லத்துக்கு ஒரு பெண்ணிடம் மட்டுமே கேட்கப்படுவதால் மாநில அளவிலேயே மதிப்பீடு வெளியிடப்படுகிறது. ஆகவே 38.1 என்னும் எண்ணைக் கிருஷ்ணகிரிக்கு உரியதாகக் காட்டும் எந்த மேடைப்பேச்சுக்கும் ஆதாரமில்லை. மேலும் அவ்வெண் 'எப்போதேனும்' நேர்ந்த வன்முறையைக் குறிப்பது. ஆனேக்கல்லில் அடிபட்டு ஓசூரில் குடியேறிய பெண் தமிழ்நாட்டின் கணக்கில் சேர்வாள். இடப்பெயர்வு மிகுந்த தொழிற்பகுதியில் இதனைச் சிறு திருத்தம் என்று ஒதுக்க முடியாது.

2. பதிவேட்டின் மௌனம்

1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021 அறிக்கையின்படி இப்பிரிவில் நாடு முழுவதும் 1,36,234 வழக்குகள் பதிவாயின. மேற்கு வங்கத்தில் ஏறத்தாழ 20 ஆயிரம். தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் குறைவு. இல்லங்களில் கேட்டுப் பெற்ற எண்ணோ இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது: ஐந்தாம் ஆய்வில் மேற்கு வங்கம் தமிழ்நாட்டைவிடத் தாழ்ந்தே நிற்கிறது.

தமிழ்நாட்டில் புகார் செய்ய வழியில்லாமலில்லை. 1992-இல் சென்னை ஆயிரம்விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலைய அமைப்பு மாநிலமெங்கும் பரவியுள்ளது, ஓசூரிலும் உண்டு. ஆயின் அங்குத் தரப்படும் மனு முதலில் சி.எஸ்.ஆர். ரசீதாகிறது, இருதரப்பும் அழைக்கப்பட்டு ஆலோசனை நடக்கிறது, பல மனுக்கள் எழுதி வாங்குவதோடு முடிகின்றன. திருமணத் தகராறுகளில் பூர்வாங்க விசாரணைக்கு இடமுண்டு என்று லலிதா குமாரி வழக்கில் (2013) உச்ச நீதிமன்றம் கூறியதும் இந்நடைமுறைக்கு அரணாயிற்று. முதல் தகவல் அறிக்கை ஆகாத மனு ஆவணக் காப்பகத்தின் அட்டவணைக்குள் வருவதில்லை. குறைந்த பதிவெண்ணை அமைதிக்குச் சான்றாகக் காட்டுவோர் எண்ணுவது அறிக்கைகளையே, அடிகளை அல்ல.

3. பதினைந்து விழுக்காடு

பொதுவிவாதத்தில் மிகுதியும் மேற்கோளாகும் எண் 15 ஆகும். அர்னேஷ் குமார் வழக்கின் தீர்ப்பில் (2 ஜூலை 2014) உச்ச நீதிமன்றம் 2012-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரத்தை எடுத்தாண்டது: கைதானோர் 1,97,762 பேர், குற்றப்பத்திரிகை விகிதம் 93.6, தண்டனை விகிதம் 15, நிலுவை வழக்குகள் 3,72,706, அவற்றுள் ஏறக்குறைய 3,17,000 விடுதலையில் முடியக்கூடும். இறுதி எண் தனியே ஆராய்ந்து பெறப்பட்டதன்று. நிலுவையை 85 விழுக்காட்டால் பெருக்கினால் அது கிட்டும். தேவையற்ற கைதைத் தடுக்கும் அத்தீர்ப்பின் நோக்கம் ஏற்கத்தக்கதே. ஆனால் தீர்ப்புக்குப் பின் பொதுப்பேச்சில் நிலைத்தது 15 மட்டுமே. அதனருகில் நின்ற 93.6 மறக்கப்பட்டது. காவல்துறை விசாரித்து முடித்தவற்றுள் பெரும்பான்மையானவற்றுக்கு வழக்கு உண்டென்று கருதியதை அவ்வெண் காட்டுகிறது.

விடுதலை என்பது பொய்ப்புகார் என்று பொருள்படாது. 498-ஏ பெரும்பாலான மாநிலங்களில் சமரசத்துக்கு உட்படாத குற்றமாக இருந்தது. ஜீவனாம்சமோ மணவிலக்கோ பேசி முடிந்தபின் வழக்கை முடிக்க இருவழிகளே உண்டு: உயர் நீதிமன்றத்தில் ரத்துச் செய்துகொள்வது, அல்லது புகார்தாரர் பிறழ்சாட்சியாவது. பின்னது விடுதலைக் கணக்கில் ஏறுகிறது.

எதிர்த்திசையிலும் இதே நிகழ்கிறது. ஆண்களுக்கெனத் தேசிய ஆணையம் கோரி உச்ச நீதிமன்றத்துக்கு வந்த பொதுநல மனு 2021-இல் மணமான ஆண்கள் 81,063 பேரும் மணமான பெண்கள் 28,680 பேரும் தற்கொலை செய்துகொண்டதைச் சுட்டியது, 33.2 விழுக்காடு குடும்பப் பிரச்சினையால் என்றது. 2023 ஜூலை 3 அன்று நீதிமன்றம் மனுவை ஏற்க மறுத்தது. அந்த 33.2 ஆண், பெண் இருபாலரின் தற்கொலைகளுக்கும் சேர்த்துத் தரப்பட்ட எண். 'குடும்பப் பிரச்சினை' என்னும் அவ்வகையிலிருந்து திருமணம் சார்ந்த காரணங்களை ஆவணக் காப்பகம் விலக்கியே எண்ணுகிறது. மணமாகாதோரிலும் தற்கொலை செய்வோருள் ஆண்களே மிகுதி. துயரம் உண்மையானது, அதற்கு மனைவியரின் வழக்குகளே காரணம் என்னும் முடிவு அந்த அட்டவணையில் இல்லை.

4. எண்ணப்படாத சட்டம்

2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையிலுள்ள குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் எல்லைப்பகுதிக்கு மிகப் பொருந்துவது. அதன் 27-ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்ட பெண் நிலையாகவோ தற்காலிகமாகவோ வசிக்கும் இடத்திலும், பணிபுரியும் இடத்திலும் மனுச் செய்யலாம். சர்ஜாபூரில் கணவன் வீடு, ஓசூர் ஆலையில் வேலை என்றால் ஓசூர் நீதித்துறை நடுவர் மன்றமே போதும். 498-ஏ வழக்கையும் பெண் தஞ்சம் புகுந்த ஊரில் தொடரலாம் என 2019-இல் ரூபாலி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண்ணுக்கு இது நன்மை. கணக்கெடுப்போருக்கோ, வன்முறை நிகழ்ந்த மாநிலம் ஒன்றும் பதிவான மாநிலம் வேறொன்றும் ஆகிறது. மின்னணு, மின்வாகன ஆலைகள் பெண்களைப் பெருமளவில் பணியமர்த்தி விடுதிகளில் தங்கவைக்கும் இன்றைய கிருஷ்ணகிரியில் இந்த இடைவெளி மேலும் விரியக்கூடியது.

இச்சட்டத்தின்கீழ் 2021-இல் நாடு முழுவதும் பதிவானவையாக ஆவணக் காப்பகம் காட்டுவது 507 வழக்குகள். நடுவர் மன்றத்துக்கு வரும் மனுக்கள் உரிமையியல் தன்மையன. பாதுகாப்பு ஆணையை மீறுவதே குற்றமாதலால் அதுவே எண்ணில் ஏறுகிறது. மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் தம் சட்டக் கடமையாக எழுதும் குடும்ப நிகழ்வு அறிக்கைகளில் வசிப்பிடமும், எதிர்மனுதாரரின் முகவரியும், நேர்ந்த வன்முறையின் வகையும் உள்ளன. கிருஷ்ணகிரிக்குக் கூடுதல் பாதுகாப்பு அலுவலர் தேவையா, எல்லை கடந்து அழைப்பாணை சென்றடைய எத்தனை நாளாகிறது என்னும் வினாக்களுக்கு விடை இவ்வறிக்கைகளிலும் நடுவர் மன்றக் கோப்புகளிலுமே கிடக்கிறது.