தாலியம் ஸ்கேன்: ஒரு பெயரின் வரலாறு



மார்ச் மாதம் எனக்கு மாரடைப்பு வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். இப்போது நலம். போன வாரம் 'தாலியம் ஸ்கேன்' எடுத்தேன் என்று இங்கே எழுதியதும், என்னிடம் பத்தாம் வகுப்பில் வேதியியல் படித்த ஒரு பெண் உடனே கேட்டாள்: "சார், தாலியம் எலி பாஷாணம்தானே? அதையா ஊசியில ஏத்தினாங்க?" பாடம் மறக்கவில்லை, சந்தோஷம். பதில் கொஞ்சம் நீளம். மணி அடித்தால்தான் நிறுத்திப் பழகிய வாய், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எனக்கு ஏற்றியது தாலியமே இல்லை, டெக்னீசியம். ஆனால் பணம் கட்டும் இடம் தொடங்கி எல்லாரும் தாலியம் என்றுதான் சொன்னார்கள். அந்தப் பெயர் ஏன் ஒட்டிக்கொண்டது என்பதில்தான் கதையே இருக்கிறது.

மாரடைப்புக்குப் பிறகு மருத்துவருக்கு ஒரு கேள்வி வரும். இதயத்தின் ஒரு பகுதி அசையவில்லை. அது செத்துவிட்டதா, இல்லை ரத்தம் போதாமல் சோர்ந்து கிடக்கிறதா? செத்த தசைக்குப் புதுக் குழாய் போட்டு என்ன பயன்? சோர்ந்ததுதான் என்றால் விட்டுவிடலாமா? அடைப்பு எங்கே என்று ஆஞ்சியோ காட்டும். எந்தச் சுவர் அசையவில்லை என்று எக்கோ காட்டும். தசைக்கு உயிர் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

கதிரியக்கப் பொருளை ரத்தத்தில் விட்டுப் பின்தொடரும் யோசனை பழையது. 1920களின் நடுவில் பாஸ்டனில் ஹெர்மன் புளும்கார்ட் என்ற மருத்துவர், ரேடியத்திலிருந்து கிடைத்த ஒரு பொருளை ஒரு கையில் ஏற்றி, அது மறு கைக்கு வந்து சேரும் நேரத்தை அளந்தார். அது ரத்தத்தின் வேகத்தைச் சொன்னது. தசையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

தசையைப் படம் பிடிக்கும் முயற்சி 1970களில் இரண்டு பக்கமிருந்து வந்தது. 1974ல் டல்லஸ் நகரில் ஃபிரெடரிக் போன்ட்டியும் உடனிருந்தவர்களும் டெக்னீசியம் சேர்த்த பைரோபாஸ்பேட்டைப் பயன்படுத்தினார்கள். சிதைந்த செல்லுக்குள் கால்சியம் புகுந்துவிடும். பைரோபாஸ்பேட் அதோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே படத்தில் பளிச்சென்று தெரிவது சிதைந்த தசை. மாரடைப்பு வந்ததா இல்லையா என்று சந்தேகம் இருந்தால் இது உதவும். பிழைத்தது எவ்வளவு என்று கேட்டால் உதவாது.

இன்னொரு பக்கம் உயிருள்ள தசையைத் தேடியது. நினைவிருக்கிறதா, உயிருள்ள செல் சோடியத்தை வெளியே தள்ளி பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் என்று உங்கள் உயிரியல் ஆசிரியர் சொன்னது? செத்த செல்லால் அது முடியாது. கதிரியக்கப் பொட்டாசியத்தைக் கொடுத்தால் உயிருள்ள தசை மட்டும் ஒளிரும் அல்லவா? பாரி ஸாரெட்டும் அவர் குழுவினரும் இதைச் செய்து, நோயாளியை உடற்பயிற்சி செய்யவைத்துப் படமெடுத்து, 1973ல் வெளியிட்டார்கள். யோசனை சரி. ஆனால் பொட்டாசியம்-43 வீசும் கதிர்களுக்கு ஆற்றல் அதிகம். கேமராவில் படம் தெளிவாக விழவில்லை.

அப்போதுதான் தாலியம் வருகிறது. தாலியம் அயனி அளவிலும் மின்சுமையிலும் பொட்டாசியத்தைப் போலவே இருக்கும். செல் ஏமாந்து உள்ளே விட்டுவிடும். அது விஷமானதற்கும் இதுதான் காரணம், படத்துக்கு உதவியதற்கும் இதுதான் காரணம்! நியூயார்க்கை அடுத்த புரூக்ஹேவன் ஆய்வகத்தில் எலியட் லெபோவிட்ஸ் குழுவினர் சைக்ளோட்ரானைக் கொண்டு தாலியம்-201ஐ மருத்துவத்துக்கு ஏற்ற முறையில் தயாரித்து 1975ல் அறிவித்தார்கள். அரை ஆயுட்காலம் சுமார் 73 மணி நேரம். ஊசியில் போகும் எடை விஷமாகும் அளவுக்குக் கிட்டேகூட வராது. குறுக்குவெட்டுப் படத்தில் நல்ல இதயம் மெதுவடை மாதிரி வட்டமாகத் தெரியும். ரத்தம் எட்டாத இடம் கடித்த வடை.

1977ல் பாஸ்டனில் ஜெரால்ட் போஹோஸ்ட் ஒரு எளிய காரியம் செய்தார். உடற்பயிற்சியின்போது ஒரே ஒரு ஊசி. உடனே ஒரு படம், சில மணி நேரம் கழித்து இன்னொன்று. முதல் படத்தில் இருந்த வெற்றிடம் இரண்டாவதில் நிரம்பியிருந்தால், அங்கே தசை உயிரோடு இருக்கிறது. அடைப்பால் தாமதமாக வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். நிரம்பவில்லையென்றால் தழும்பு. இந்த இரட்டைப் படம்தான் தாலியத்தின் பெயரை உலகெங்கும் மருத்துவமனைகளில் நிலைக்கவைத்தது என்பது என் எண்ணம்.

ரத்தம் குறைந்தால் தசை செலவைச் சுருக்கிக்கொண்டு வேலையை நிறுத்திவைக்கும், ரத்தம் வந்தால் எழுந்துகொள்ளும் என்ற கருத்து 1980களில் வலுப்பெற்றது. குளிர்காலத்தில் கரடி உறங்குவதோடு ஒப்பிட்டு, உறங்கும் தசை என்றார்கள். இந்தக் கருத்தைப் பரப்பியதில் முக்கியமானவர் ஷாபுதீன் ரஹிம்துலா, பம்பாயில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றியவர்.

அப்படியானால் 'தழும்பு' என்று எழுதப்பட்ட எல்லாமே தழும்புதானா? 1990ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் வாஸ்கென் டில்ஸிஸியான், ராபர்ட் போனோ முதலியோர் இதைச் சோதித்தார்கள். இரண்டாவது படம் எடுத்த பிறகு இன்னும் கொஞ்சம் தாலியம் ஏற்றி மூன்றாவது படம் எடுத்தார்கள். நிரம்பாத இடங்கள் என்று கணக்கில் வைத்திருந்தவற்றில் கிட்டத்தட்ட பாதி, இப்போது தாலியத்தை வாங்கிக்கொண்டன. அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதற்கு முந்தைய வருடங்களில், இங்கே உயிரில்லை என்று எத்தனை பேரை அறுவைச் சிகிச்சை வேண்டாமென்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்!

அதே 1990 இறுதியில் டெக்னீசியம் சேர்ந்த செஸ்டமிபி என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அட்டவணையில் 43ஆம் கட்டம் நினைவிருக்கிறதா? அந்த வெற்றுக் கட்டத்தை 1937ல் சிசிலித் தீவின் பலெர்மோவில் எமிலியோ செக்ரேயும் கார்லோ பெரியரும் நிரப்பினார்கள், கலிபோர்னியாவிலிருந்து தபாலில் வந்த மாலிப்டினத் தகட்டை ஆராய்ந்து. மறு வருடம் முசோலினி யூதர்களைப் பல்கலைக்கழகப் பதவிகளிலிருந்து விலக்கியபோது செக்ரே கலிபோர்னியாவில் இருந்தார், ஊர் திரும்பவில்லை. அங்கே சீபோர்க்கோடு சேர்ந்து அவர் கண்டுபிடித்த டெக்னீசியம்-99எம்தான் இன்று ஊசியில் போகிறது. அரை ஆயுள் 6 மணி நேரம், படமும் தாலியத்தைவிடத் தெளிவு. ஆனால் செஸ்டமிபி தசைக்குள் போனால் அங்கேயே தங்கிவிடும். அதனால் ஓய்வில் ஒன்று, ட்ரெட்மில்லில் ஒன்று என இரண்டு ஊசி. எனக்கும் அப்படித்தான். முன்சுவரின் நுனியில் தழும்பு, அதை ஒட்டிய பகுதிக்கு உயிர் இருக்கிறது என்று வந்திருக்கிறது. மருந்து மாறிவிட்டது, பெயர் மாறவில்லை. நம் ஊரில் எந்தப் பிரதி எடுத்தாலும் ஜெராக்ஸ் என்பதில்லையா, அதுபோல.

இதோடு முடித்தால் உங்களுக்கு அரைக் கதை சொன்னதாகும். இதயம் மிகவும் பலவீனமான 601 பேரைப் பற்றிய ஓர் ஆய்வு 2011ல் வந்தது. பைபாஸ் செய்துகொண்டவர்களும் மாத்திரையில் மட்டும் இருந்தவர்களும் அதில் உண்டு. தசையில் உயிர் இருக்கிறது என்று ஸ்கேன் சொன்னவர்களுக்குத்தான் பைபாஸ் கூடுதல் பலன் தரும் என்று எதிர்பார்த்தார்கள். அந்த வேறுபாடு தெரியவில்லை. கட்டுரையின் முதல் ஆசிரியர் அதே ராபர்ட் போனோ. தான் இருபது வருடம் நம்பிய கருத்துக்கு எதிரான முடிவைத் தன் பெயரிலேயே வெளியிட்ட மனிதர். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. 2022ல் ஸ்டென்ட் பற்றி பிரிட்டனில் நடந்த ஆய்வும், பலவீனமான இதயத்துக்கு மாத்திரையோடு ஸ்டென்ட்டும் வைத்ததால் ஆயுள் கூடவில்லை என்றது. இந்தக் காலத்து மாத்திரைகளே நிறைய வேலை செய்துவிடுகின்றன என்கிறார்கள் ஒரு சாரார். அந்த ஆய்வுகளில் சேராத, நெஞ்சுவலியால் தினமும் அவதிப்படுகிறவர்களின் கணக்கு வேறு என்கிறார்கள் மறு சாரார். வாதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.