மதிப்பீடு யாருக்காக? செஞ்சி வட்டாரத்தை முன்வைத்து மாவட்டக் கல்வித் திட்டமிடல் பற்றி ஓர் ஆய்வு

1. சிக்கல்

விழுப்புரம் மாவட்டம் செஞ்சி வட்டத்தில் உள்ள மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் அமைந்த ஊர். ஏட்டுச்சுவடிகளைப் பேணிக் காத்த மடங்களுள் அதுவும் ஒன்று. தமிழில் கற்றல் கற்பித்தல் குறித்து ஒழுங்காக எழுதிவைத்தவர்களுள் சமணப் புலவர்கள் முன்னிற்பவர்கள். அந்த மரபு வேரூன்றிய இதே வட்டாரத்தில் கல்வி நிலை நெடுங்காலமாகப் பின்தங்கியே இருந்துவருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, அப்போது கள்ளக்குறிச்சியையும் உள்ளடக்கியிருந்த விழுப்புரம் மாவட்டத்தில் அது 71.88.

இந்தக் குறையைத் தீர்க்கத் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை, தேர்வுகளுக்கும் பஞ்சமில்லை. ஆயினும் மாவட்டம் போடும் திட்டமும் நடத்தும் மதிப்பீடும் எந்த அளவுக்கு ஒரு குழந்தையின் கற்றலைத் தொடுகின்றன என்பது தனிக் கேள்வி. இக்கட்டுரையின் வாதம் இது: மதிப்பீட்டின் முதல் பயனாளி வகுப்பாசிரியராக இருக்கும்வரைதான் அது கற்றலுக்கு உதவும். மேலதிகாரியின் ஆய்வுக் கூட்டத்துக்காக எடுக்கப்படும்போது அது கற்றலைக் காட்டவும் தவறுகிறது, வளர்க்கவும் தவறுகிறது.

2. நன்னூல் தரும் அளவுகோல்

பதின்மூன்றாம் நூற்றாண்டில், சிற்றரசன் சீயகங்கன் வேண்டுகோளுக்கிணங்கச் சமண முனிவர் பவணந்தி இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், ஆசிரியர், மாணவர், கற்பிக்கும் முறை ஆகியவற்றை விரிவாகப் பேசுகிறது. அதில் இரண்டு போக்குகள் அருகருகே இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, தரம் பிரிக்கும் போக்கு. அன்னமும் பசுவும் போன்றவர் முதல் மாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றவர் இடை. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி போன்றவர் கடை. பாடம் சொல்லத் தகாதவர்கள் யார் என்றும் ஒரு பட்டியல் உண்டு. மற்றொன்று, வளர்க்கும் போக்கு. மாணவன் எவ்வகையில் கொள்வான் என்று அறிந்து அவ்வகையில் கொடுப்பதே ஆசிரியர் கடமை என்கிறது நூல். ஒருமுறை கேட்டவன் இரண்டாம் முறை கேட்டால் பிழை குறையும். மூன்றாம் முறை கேட்டால் தானே முறையாக எடுத்துரைப்பான். அப்படியும் ஆசிரியரிடம் கிடைப்பது கால் பங்கு புலமைதான். உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கும், பிறர்க்கு விரித்துச் சொல்வதில் மீதி அரைப் பங்கும் வந்து சேர்கின்றன.

முதல் போக்கு மாணவனின் இயல்பைத் தீர்ப்பாக எழுதிவிடுகிறது. இரண்டாவது, அவன் இப்போது எங்கே நிற்கிறான் என்று பார்த்து அடுத்த படியைக் காட்டுகிறது. நன்னூலின் வகுப்பறை தேர்ந்தெடுத்த சிலருக்கானது. தகாதவரை விலக்கும் உரிமை அந்த ஆசிரியருக்கு இருந்தது. அரசுப் பள்ளிக்கு அந்த உரிமை இல்லை, இருக்கவும் கூடாது. ஆகவே முதல் போக்கைக் கைவிட்டு இரண்டாவதை மட்டும் பற்றிக்கொள்ளும் கடமை அதற்கு உண்டு. மாவட்டத்தின் திட்டங்களையும் தேர்வுகளையும் இந்த அளவுகோலால் நிறுத்துப் பார்க்கலாம்.

3. ஏணியிலிருந்து செயலி வரை

இந்த நூற்றாண்டில் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் நான்கு பெரிய மாற்றங்களைக் கண்டன. ரிஷிவேலி கிராமப்புறப் பள்ளிகளின் அனுபவத்தைப் பின்பற்றி 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08-இல் மாநிலம் முழுவதற்கும் பரவியது. பாடநூல் அட்டைகளாகப் பிரிந்தது. அட்டைகள் ஏணிப்படியில் வரிசைப்பட்டன. குழந்தைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒரு குழு ஆசிரியர் உதவியோடு கற்றது, இன்னொன்று சக மாணவர் உதவியோடு கற்றது, வேறொன்று மதிப்பீட்டு அட்டையைச் செய்தது. மதிப்பீடு கற்றலுக்குள்ளேயே ஒரு படியாக அமைந்திருந்தது. முடிக்காத குழந்தைக்குக் குறைதீர் அட்டை உண்டு. பவணந்தி சொன்ன ‘உடன் பயில்வோர் பங்கு’ பள்ளி நிர்வாகத்தில் இடம்பெற்ற அரிய தருணம் அது.

2012-13-இல் முப்பருவ முறையும் முழுமையான தொடர் மதிப்பீடும் வந்தன. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என மதிப்பெண் பிரிந்தது. நோக்கம் நல்லதே, கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவும் இதையே கேட்கிறது. ஆனால் வளரறி என்பது நாளடைவில் பதிவேட்டில் நிரப்ப வேண்டிய 40 மதிப்பெண்ணாகச் சுருங்கியது. 

பெருந்தொற்றுக்குப் பிறகு விழுப்புரம் மாவட்டமே ஒரு தொடக்கக் களமாயிற்று. மரக்காணம் பகுதியிலுள்ள முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27 அன்று இல்லம் தேடிக் கல்வி தொடங்கப்பட்டது. மாலை வேளையில், ஊரிலேயே, தன்னார்வலர் ஒருவர் ஒரு சிறு குழுவுக்குச் சொல்லிக்கொடுக்கும் எளிய ஏற்பாடு. தமிழ்நாட்டின் நான்கு மாவட்டக் கிராமங்களில் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மொரீசியோ ரொமேரோ ஆகியோர் செய்த ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஈடுசெய்யப்பட்டதையும், அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காட்டுக்கு இல்லம் தேடிக் கல்வி காரணம் என்பதையும் காட்டியது. ஆய்வாளர்கள் பள்ளி மதிப்பெண்ணை நம்பவில்லை. குழந்தைகளைத் தாங்களே நேரில் சோதித்தார்கள். அதனால்தான் இந்த முடிவுக்கு மதிப்பு.

நான்காவது, 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம். முதல் மூன்று வகுப்புக் குழந்தைகள் அடிப்படை மதிப்பீட்டின்படி அரும்பு, மொட்டு, மலர் நிலைகளில் சேர்க்கப்படுகிறார்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தை அரும்பு நிலையில் இருந்தால் அங்கிருந்தே பாடம் தொடங்கும். 2023-24-இல் இது நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீண்டது. கொள்கையளவில் இது நன்னூலின் இரண்டாம் போக்குக்கு மிக நெருக்கமானது. கேள்வி நடைமுறையில் எழுகிறது.

4. ஒரு கழித்தல் கணக்கு

ஈராசிரியர் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று வகுப்புகளும் ஓர் அறையில், ஓர் ஆசிரியை. 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு குழந்தை 35 என்று எழுதுகிறது. அதன் கணக்கில் ஒரு தர்க்கம் இருக்கிறது: இரண்டிலிருந்து ஏழு போகாது, ஆகவே ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து, ஐந்திலிருந்து இரண்டு போக மூன்று. பக்கத்தில் இருக்கும் குழந்தை 24 என்று எழுதுகிறது. அதற்குக் கடன் வாங்கிக் கழிப்பது தெரியும். பன்னிரண்டிலிருந்து ஏழு போனால் எவ்வளவு என்பதில்தான் விரல் தவறிவிட்டது.

மதிப்பீட்டைப் பதிவுசெய்யும் கைப்பேசிச் செயலியில் இரண்டுமே ‘தவறு’. ஆசிரியைக்கோ இவை இரு வேறு நாளைய வேலைகள். முதல் குழந்தைக்குப் பத்துப் பத்தாகக் கட்டிய தீக்குச்சிகளைக் கொடுத்து, ஒரு கட்டைப் பிரிக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவதற்குக் கட்டு வேண்டாம், இருபதுக்குள் கழித்தலில் இன்னும் கொஞ்சம் பழக்கம் போதும். இந்த வேறுபாட்டைக் காண, குழந்தை கணக்குப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து ‘எப்படிப் போட்ட?’ என்று கேட்கும் நேரம் வேண்டும். அதே கைப்பேசியில் அதே ஆசிரியை ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக இணையவழி மதிப்பீட்டை முடித்துப் பதிவேற்ற வேண்டியிருந்தால், முதலில் பறிபோவது இந்த நேரம்தான்.

ஆகவே கற்றல் திட்டமிடலில் மாவட்டத்தின் மிக விலையுயர்ந்த வளம் ஆசிரியரின் கவனம். வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் பள்ளிக்கு வரும் நாளில் வகுப்பில் உட்கார்கிறாரா, எமிஸ் என்னும் பள்ளித் தகவல் தளத்தின் பதிவுகளைச் சரிபார்க்கிறாரா என்பதில் திட்டத்தின் தரம் வெளிப்படும்.

5. மேலே போகும் தரவு

திட்டமிடலின் பாதை காகிதத்தில் கீழிருந்து மேலே செல்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழு பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கிறது. பள்ளித் தேவைகள் வட்டாரத்தில் தொகுக்கப்பட்டு, மாவட்டத்தில் முதன்மைக் கல்வி அலுவலரின் கையெழுத்தோடு மாநிலத் திட்ட இயக்ககத்துக்கும், அங்கிருந்து ஒன்றிய அரசின் திட்ட ஒப்புதல் வாரியத்துக்கும் போகின்றன. பணமோ மேலிருந்து கீழே வருகிறது. ஒன்றிய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2024-25-க்குரிய சமக்ர சிக்ஷா நிதி சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டபோது, கீழே எழுதிய எந்தத் திட்டத்தின் தரமும் அதைத் தீர்மானிக்கவில்லை.

திட்டம் எழுதுவதே மாற்றம் ஆகிவிடாது என்பதற்கு மத்தியப் பிரதேசம் கடுமையான சான்று தருகிறது. பள்ளிகளை மதிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் மேம்பாட்டுத் திட்டம் எழுதவைத்த அங்குள்ள முயற்சியை முரளிதரனும் சிங்கும் ஆராய்ந்தார்கள். மதிப்பீடுகள் நடந்தன, திட்டங்கள் எழுதப்பட்டன. மாணவர் கற்றலில் மாற்றம் எதுவும் இல்லை. இருந்தும் அது வெற்றியாகக் கருதப்பட்டு நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. அதே மாநிலத்தின் பிரதிபா பர்வ் தேர்வை எழுதிய மாணவர்களைச் சிங் மறுபடியும் சோதித்தபோது, அரசுப் பதிவுகள் கற்றல் நிலையைப் பெரிதும் மிகைப்படுத்தியிருந்தது தெரியவந்தது. ஆசிரியர்கள் நேர்மையற்றவர்கள் என்பது இதற்குப் பொருளன்று. தன் மாணவரைத் தானே சோதித்து, அந்த மதிப்பெண்ணால் தானே எடைபோடப்படும் எவரும் இந்த இழுவைக்கு ஆளாவார். இந்த இழுவை புதிதன்று: பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில், ஆய்வாளர் நடத்தும் தேர்வின் முடிவைப் பொறுத்து மானியம் கொடுத்தார்கள். ஆய்வாளர் கேட்கக்கூடியதை மட்டும் மனப்பாடம் செய்யவைக்கும் வழக்கத்தையே அந்த முறை வளர்த்தது. 

6. எதிர்வாதம்

பொதுவான தேர்வு இல்லாவிட்டால் பொறுப்புடைமை எங்கே என்று கேட்பவர்களின் கவலை உண்மையானது. யாரும் அளக்காத இடத்தில், ஏழைக் குழந்தை எட்டாம் வகுப்புவரை படிக்கத் தெரியாமலே நகர்ந்துவிடும். அதன் பெற்றோருக்குத் தட்டிக் கேட்க வழியும் இருக்காது. ஆனால் அந்தக் கவலைக்குத் தீர்வு மாதிரி ஆய்வு. 2021 நவம்பர் 12-இல் நடந்த தேசிய அடைவு ஆய்வும், 2024 டிசம்பர் 4-இல் நடந்த பராக் ஆய்வும் தேர்ந்தெடுத்த பள்ளிகளில் மட்டும் நடந்தன. ஒரு மாவட்டம் எந்தத் திறனில் தளர்ந்திருக்கிறது என்று அறிய அது போதும். ஒவ்வொரு குழந்தையின் மதிப்பெண்ணும் சென்னைக்கோ தில்லிக்கோ போக வேண்டிய தேவையில்லை.

மாதிரி ஆய்வையும் பொதுத்தேர்வையும் சேர்த்தே பிடிக்கும் ஒரு நோய் உண்டு, தரவரிசை. பொதுத்தேர்வில் மாநில முதலிடம் அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு 2017-இல் கைவிட்டது. மாவட்டங்களைத் தேர்ச்சி விழுக்காட்டால் வரிசைப்படுத்தும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. வரிசையில் கீழே இருக்கும் மாவட்டத்தில் அழுத்தம் கடைசியில் பத்தாம் வகுப்பின் சிறப்பு வகுப்பில் வந்து இறங்குகிறது. அந்த மாணவன் தடுமாறத் தொடங்கியது மூன்றாம் வகுப்பின் கழித்தல் கணக்கில் என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. 2025-26-இல் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்புவரை அடிப்படைத் திறன்களை மீட்கத் ‘திறன்’ இயக்கம் தேவைப்பட்டதே இந்தத் தாமதத்துக்குச் சாட்சி.

7. முடிவு

மூன்று கேள்விகளை மாவட்டம் பிரித்துவைக்க வேண்டும். இந்தக் குழந்தைக்கு நாளை என்ன சொல்லிக்கொடுப்பது என்ற கேள்விக்கு ஆசிரியரின் குறிப்பேடு போதும். அது மேலே போக வேண்டாம். எந்தப் பள்ளிக்கு யாரை அனுப்புவது என்ற கேள்விக்கு அரும்பு, மொட்டு, மலர் நிலைகளில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை போதும்; குறுவள மையக் கூட்டத்தில் அதைப் பேசி, ஆசிரியர் பயிற்றுநரின் நாட்களை அதன்படி பங்கிடலாம். கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் பெற்றோரோடு போய்விடும் குழந்தைகள் எப்போது திரும்புவார்கள் என்பதை ஊர் ஆசிரியரே அறிவார். அந்தக் கூட்டத்தின் நாட்காட்டியில் அதுவும் இடம்பெற வேண்டும். மாவட்டம் முன்னேறுகிறதா என்ற மூன்றாவது கேள்விக்கு, மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் சில பள்ளிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, வெளியாட்களைக் கொண்டு சோதிக்கலாம். பள்ளிப் பதிவுக்கும் அந்தச் சோதனைக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால் தண்டனை வேண்டாம்; பதிவு முறையைத் திருத்தினால் போதும்.

இவற்றுள் எதற்கும் புதிய செயலி தேவையில்லை. ஒரே தேர்வைக் கொண்டு மூன்று கேள்விகளுக்கும் விடை காணும் சிக்கனம் பார்வைக்கு நன்றாக இருக்கலாம். அதன் செலவு முதல் கேள்வியின் தலையில்தான் விழுகிறது. செஞ்சி வட்டாரத்தின் ஈராசிரியர் பள்ளிகளில் அந்தச் செலவைத் தாங்க யாருமில்லை. கொள்வோன் கொள்ளும் வகையை அறிவதுதான் மதிப்பீடு என்று ஏற்றுக்கொண்டால், மாவட்டம் எந்தப் படிவத்தைக் கேட்பதற்கு முன்பும், இது எந்த ஆசிரியருக்கு எப்போது பயன்படும் என்று தன்னையே கேட்டாக வேண்டும். பதில் இல்லாத படிவங்களை நிறுத்துவதே மாவட்டம் எடுக்கக்கூடிய முதல் திட்டமிடல் முடிவு.